மட்டம் குறையவே இல்லை, எண்ணெய் மட்டும் போய்க்கொண்டிருந்தது

ஒரு வணிகச் சமையலறையில் பொரிக்கும் பிரிவுக்கு நான் பல ஆண்டுகளாகப் பொறுப்பாக இருக்கிறேன். மூன்று தொட்டிகள் அடுத்தடுத்து அமைந்த ஃபிரையர் ஒன்று அங்கே ஓடுகிறது. ஒவ்வொரு தொட்டியும் ஏறத்தாழ 25 லிட்டர் எண்ணெய் கொள்ளும். இயந்திரத்தின் கீழ்ப்பகுதியில், கதவுக்குப் பின்னால், 16 லிட்டர் புதிய எண்ணெய் கொண்ட கேன் ஒன்று எப்போதும் இருக்கும். எந்தத் தொட்டியில் மட்டம் குறைந்தாலும் ஒரு சிறிய பம்ப் அந்தக் கேனிலிருந்து எண்ணெயை உறிஞ்சி, குறைந்த அளவை மட்டும் அந்தத் தொட்டியில் சேர்த்துவிடும். இதைத்தான் நாங்கள் தானியங்கி டாப்-அப் என்று சொல்கிறோம். இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை நான் முழுமையாகப் புரிந்துகொண்டது, அது சரியாக வேலை செய்துகொண்டிருந்த 11 நாட்களில்தான். அந்த 11 நாட்களும் மூன்று தொட்டிகளிலும் எண்ணெய் கோட்டளவில் சிறிதும் குறையாமல் நின்றது. அதே நாட்களில் ஏறத்தாழ மூன்று கேன் எண்ணெய் எங்கே போயிற்று என்று எவருக்கும் தெரியவில்லை.

அந்தக் கதைக்கு வருவதற்கு முன்பு, இந்த அமைப்பு இல்லாத காலத்தைச் சொல்ல வேண்டும். அப்போது நாங்கள் கண்ணளவில்தான் எண்ணெய் ஊற்றினோம். கூட்டம் மிகுந்த நேரத்தில் மட்டத்தைப் பார்க்க எவருக்கும் பொழுதிருக்காது. பார்க்கும்போது மூன்று நான்கு லிட்டர் குறைந்திருக்கும். உடனே ஒருவர் கேனைத் திறந்து ஒரே மூச்சில் ஊற்றிவிடுவார். 180 டிகிரி செல்சியஸில் காய்ந்திருக்கும் 22 லிட்டர் எண்ணெயில், 25 டிகிரியில் இருக்கும் 4 லிட்டரை ஊற்றினால் வெப்பம் ஏறத்தாழ 156 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்த நேரத்தில் கூடையில் இறங்கும் பண்டம் மேல்தோல் இறுகாமல், நிறம் பிடிக்காமல் கிடக்கும். நிறம் வரட்டும் என்று கூடுதல் நேரம் விட்டால் எண்ணெய் குடித்துக் கனத்துவிடும். அரை லிட்டர் குறைந்தவுடனேயே அரை லிட்டரைச் சேர்த்தால் வெப்பம் மூன்று டிகிரிதான் குறைகிறது. அதைச் சூடேற்றும் எலிமெண்ட் ஒரு நிமிடத்துக்குள் ஈடுசெய்துவிடும். தானியங்கி டாப்-அப்பின் முதன்மையான நன்மை உழைப்பு மிச்சமாவது என்றே பலரும் சொல்கிறார்கள். வெப்பம் ஆட்டம் காணாமல் நிற்பதுதான் அதைவிடப் பெரிய நன்மை என்பது என் கருத்து.

எண்ணெய் ஏன் குறைகிறது என்பதிலும் எங்களிடையே ஒரு தவறான எண்ணம் இருந்தது. அது ஆவியாகிப் போகிறது என்றே பெரும்பாலோர் நினைத்தார்கள். தொட்டியிலிருந்து எழும் ஆவியில் பெரும்பகுதி பண்டத்திலிருந்து வெளியேறும் நீராவியே. எண்ணெய் புகையாகப் போவது மிகக் குறைவு. குறைவதில் பெரும்பங்கு பண்டத்தோடு வெளியேறுகிறது. பண்டம் எண்ணெயில் கிடக்கும்வரை உள்ளிருந்து வெளியே தள்ளும் நீராவி எண்ணெயை எளிதில் உள்ளே விடுவதில்லை. கூடையைத் தூக்கியதும் பண்டம் குளிரத் தொடங்குகிறது. நுண்துளைகளில் இருந்த நீராவி குளிர்ந்து சுருங்க, அந்த வெற்றிடம் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுக்கிறது. பண்டம் எண்ணெய் குடிப்பதில் பெரும்பகுதி அந்தச் சில நொடிகளில்தான் நடக்கிறது. ஆகவே கூடையைத் தூக்கியவுடன் நன்றாக உதறி வடியவிடுவது, டாப்-அப் பம்ப் எத்தனை முறை ஓட வேண்டும் என்பதையே மாற்றக்கூடியது. பொரித்த உருளைக்கிழங்குக் குச்சிகளின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமலும், மெல்லிய சீவல்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கும் எண்ணெய் இருக்கும் என்பதை நினைவில் வைத்தால், ஒரு நாளில் எவ்வளவு குறைய வேண்டும் என்பதை முன்கூட்டியே கணிக்கலாம். எங்கள் மூன்று தொட்டிகளுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 8 லிட்டர் என்பது இயல்பான அளவு. அதாவது ஒரு கேன் இரண்டு நாள் வரும். இந்தக் கணக்கை நான் தலையில் மட்டும் வைத்திருந்தேன், தாளில் எழுதவில்லை. அதுவே பின்னால் வந்த தொல்லைக்குக் காரணம்.

மட்டம் குறைந்ததை இயந்திரம் எப்படி அறிகிறது என்பது பலரும் கேட்கும் கேள்வி. தண்ணீர்த் தொட்டிகளில் இரண்டு உலோகக் கம்பிகளைத் தொங்கவிட்டு, அவற்றுக்கிடையே மின்சாரம் பாய்கிறதா என்று பார்த்து மட்டத்தை அறிவதுண்டு. அந்த முறை இங்கே பயன்படாது, ஏனென்றால் எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. மிதவை வைத்தால், காய்ந்து காய்ந்து பிசினாகிப் போகும் எண்ணெய் அதன் மூட்டுகளில் படிந்து, சில வாரங்களில் மிதவை நின்ற இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். எங்கள் இயந்திரத்தில் இருப்பது ஒரு வெப்ப சென்சார். தொட்டியின் சுவரில், இருக்க வேண்டிய மட்டத்துக்குச் சற்றே கீழே, விரல் நுனி அளவுக்கு அது நீட்டிக்கொண்டிருக்கும். எண்ணெய் அதை மூடியிருக்கும்போது அது எண்ணெயின் வெப்பத்தைக் காட்டும். மட்டம் இறங்கி அது காற்றில் நின்றால் அதன் வெப்பம் தெளிவாகக் குறையும். தொட்டியின் அடியில் உள்ள முதன்மைச் சென்சார் 180 என்று சொல்ல, மேலே உள்ளது அதைவிட மிகக் குறைவாகச் சொன்னால், எண்ணெய் அந்த இடத்தைத் தொடவில்லை என்று கண்ட்ரோலர் முடிவுசெய்து பம்பை ஓட்டுகிறது. புதிய எண்ணெய் சேர்ந்து மட்டம் உயர்ந்து மேல் சென்சார் மீண்டும் சூடானதும் பம்ப் நின்றுவிடும். ஆக, இந்த இயந்திரம் எண்ணெயின் ஆழத்தை அளப்பதில்லை. ஒரே ஒரு புள்ளியில் சூடான எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்த அமைப்பின் எல்லாக் கோளாறுகளும் தாமாகவே விளங்கிவிடும்.

இரண்டு வெப்பங்களை ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்கிறது என்பதால், தொட்டி குளிர்ந்திருக்கும்போது டாப்-அப் வேலை செய்யாது, செய்யவும் கூடாது. அதற்கு வேறொரு காரணமும் உண்டு. எண்ணெய் காயும்போது விரிகிறது. அறை வெப்பத்திலிருந்து 180 டிகிரிக்கு வரும்போது அதன் பருமன் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடிவிடும். குளிர்ந்த நிலையில் 25 லிட்டராக இருப்பது காய்ந்ததும் 27 லிட்டரைத் தாண்டும். தொட்டிச் சுவரில் இரண்டு கோடுகள் இருப்பது இதனால்தான்: கீழே உள்ளது குளிர்ந்த எண்ணெய்க்கு, மேலே உள்ளது காய்ந்த எண்ணெய்க்கு. புதிதாக வேலைக்கு வருபவர் காலையில் மட்டம் குறைவாக இருப்பதாக எண்ணிக் கையால் எண்ணெய் ஊற்றிவிடுவது நாங்கள் அடிக்கடி கண்ட தவறு. ஒரு மணி நேரத்தில் எண்ணெய் விளிம்பை நோக்கி ஏறும். முதல் கூடை இறங்கியதும் நுரை பொங்கி வெளியே வழியும். அதேபோல், பொரிந்துகொண்டிருக்கும்போதும் மட்டத்தை நம்ப முடியாது. பண்டம் தன் பருமனுக்கு எண்ணெயை மேலே தள்ளும், குமிழிகளும் அதை உயர்த்திக் காட்டும். ஆகவே எங்கள் இயந்திரம் ஒரு கூடை வெளியேறி அடுத்தது இறங்குவதற்கு இடைப்பட்ட நேரத்தில்தான் மட்டத்தைச் சோதிக்கிறது. இடைவெளியே விடாமல் கூடை மேல் கூடையாக இறக்கினால் அதற்குச் சோதிக்க நேரமே கிடைக்காது. நெரிசலான வேளையில் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கிப் போவது பழுதினால் அல்ல. அரை நிமிடம் கூடையை மேலே தொங்கவிட்டாலே போதும்.

கேன் காலியாகிவிட்டதை இயந்திரம் அறியும் விதமும் தெரிந்துகொள்ள வேண்டியது. எங்கள் இயந்திரத்தில் கேனுக்குள் எந்தச் சென்சாரும் கிடையாது. குறிப்பிட்ட நேரம் பம்பை ஓட்டிய பிறகும் தொட்டியின் மேல் சென்சார் சூடாகவில்லையென்றால், எண்ணெய் வரவில்லை என்று முடிவுசெய்து, கண்ட்ரோலர் பம்பை நிறுத்தி மஞ்சள் விளக்கை எரியவிடும். நாம் கேனை மாற்றி, அருகில் உள்ள பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால்தான் அது மறுபடியும் முயற்சி செய்யும். விளக்கு எரிவதற்குக் கேன் காலியானது மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஹோஸ் மடிந்திருக்கலாம், உறிஞ்சுகுழாய் கேனின் அடிவரை போகாமல் பாதியில் நின்றிருக்கலாம், கேனின் மூடியில் காற்றுத்துளை அடைபட்டு, எண்ணெய் வெளியேற வெளியேறக் கேன் உட்குழிந்து போயிருக்கலாம். ஒரு முறை பாதிக்கு மேல் எண்ணெய் இருந்த கேன் சப்பையாகி நிற்பதைப் பார்த்துத்தான் அந்தச் சிறு துளையின் அருமை எனக்குப் புரிந்தது. வேறொரு முறை ஊழியர் ஒருவர் கேனை மாற்றிவிட்டுப் பொத்தானை அழுத்த மறந்துவிட்டார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. புதிய கேன் வைத்தாயிற்று என்பதால் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. மாலைக்குள் நடுத்தொட்டியின் மட்டம் எலிமெண்டின் மேற்பகுதியை நெருங்கிவிட்டது. சூடேற்றும் பாகம் எண்ணெய்க்கு வெளியே தெரியத் தொடங்கினால், அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம் முழுத் தொட்டியின் வெப்பத்தைவிடப் பன்மடங்கு விரைவாகச் சூடேறிப் புகையும். அதிலிருந்து தீ பிடிப்பதற்கு அதிக நேரம் ஆகாது. வெப்பம் எல்லை மீறினால் சூடேற்றுவதை நிறுத்தும் பாதுகாப்புத் தெர்மோஸ்டாட், எண்ணெயில் முழுகியிருந்தால்தான் எண்ணெயின் வெப்பத்தைச் சரியாக உணரும் என்பதால் அதை மட்டுமே நம்பியிருக்க முடியாது. அன்றிலிருந்து மஞ்சள் விளக்கு எரிந்தால், கைவேலையை முடித்துவிட்டு என்று சொல்லாமல் உடனே பார்க்க வேண்டும் என்பதை நான் கண்டிப்பான விதியாக்கினேன்.

இனி அந்த 11 நாட்களுக்கு வருகிறேன்.

எங்கள் ஃபிரையரின் மூன்று தொட்டிகளுக்கும் அடியில் பொதுவான ஃபில்டர் தட்டு ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் இரவும் வேலை முடிந்ததும் ஒரு தொட்டியின் வடிகால் வால்வைத் திறந்து எண்ணெயை அந்தத் தட்டில் இறக்கி, ஃபில்டர் தாள் வழியாக வடிகட்டி, பம்பினால் அதே தொட்டிக்குத் திருப்பி ஏற்றுவோம். பிறகு அடுத்த தொட்டி. ஒரு நாள் இரவு வடிகட்டும் வேலையைப் பார்க்கும் தம்பி, “அண்ணா, முதல் தொட்டி இன்றைக்கும் கோட்டுக்கு மேலே நிற்கிறது” என்றான். இன்றைக்கும் என்றால் எத்தனை நாளாக என்று கேட்டேன். ஒரு வாரத்துக்கும் மேலாக என்றான். சூட்டில் எண்ணெய் விரிந்திருக்கிறது என்று எண்ணி, மிகுதியை ஒவ்வோர் இரவும் கழிவெண்ணெய்ப் பீப்பாயில் சேர்த்து வந்திருக்கிறான். எண்ணெய் விரியும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அவன் கற்றதை நேர்மையாகப் பயன்படுத்தியிருந்தான். ஆனால் அதே எண்ணெய் அதே சூட்டில் நேற்றைவிட இன்று கூடுதலாக விரியாது. வடிகட்டும்போது தாளிலும் கசடிலும் கொஞ்சம் தங்கிவிடுவதால் மட்டம் சற்றுக் குறைய வேண்டுமே தவிர, ஏறுவதற்கு வழியே இல்லை.

மறுநாள் கேன்களின் கணக்கைப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. இரண்டு நாள் வர வேண்டிய கேன் ஒன்றேகால் நாள், ஒன்றரை நாள் என்று தீர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் முதல் தொட்டியைத்தான் சந்தேகப்பட்டோம். அதன் மேல் சென்சார் பழுதாகி, தேவைக்கு மேல் எண்ணெயை ஏற்றுகிறது என்பது எங்கள் எண்ணம். சென்சாரைச் சுத்தம் செய்தோம், இணைப்புகளைச் சோதித்தோம், பகல் முழுவதும் அந்தத் தொட்டியின் முன்னால் நின்று பார்த்தோம். பகலில் மட்டம் கோட்டிலேயே நின்றது. இரவு வடிகட்டி முடித்ததும் மறுபடியும் கோட்டுக்கு மேலே நின்றது. இரண்டு நாட்கள் இப்படிப் போயின.

உண்மையைச் சொன்னது இரண்டாவது தொட்டியின் நிறம். மூன்றில் அதுவே அதிகம் வேலை செய்யும் தொட்டி. அதன் எண்ணெய்தான் முதலில் கறுக்க வேண்டும். ஆனால் அந்த நாட்களில் அது மற்ற இரண்டையும்விட வெளிறிய நிறத்தில், புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. அதை நன்றாகப் பராமரிக்கிறோம் என்று நாங்கள் மகிழ்ந்துகொண்டிருந்தோம். உடைத்து யோசித்தபோதுதான், ஒரு தொட்டி இத்தனை புதிதாக இருக்க வேண்டுமென்றால் அதற்குள் புது எண்ணெய் வந்துகொண்டே இருக்க வேண்டும், பழையது எங்கோ போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று உறைத்தது. அன்று இரவு டாப்-அப்பை நிறுத்திவைத்து, பொரிக்கும் வேலை எதுவும் இல்லாமல் மூன்று தொட்டிகளையும் 180 டிகிரியிலேயே வைத்து, ஒவ்வொன்றின் மட்டத்தையும் குறித்துக்கொண்டோம். ஒரே வெப்பத்தில் ஒப்பிட வேண்டும் என்பது இங்கே முக்கியம். ஆறவிட்டு அளந்தால் மூன்றுமே இறங்கித்தான் தெரியும். இரண்டு மணி நேரத்தில் முதலாவதும் மூன்றாவதும் அசையவில்லை. இரண்டாவது தொட்டியில் அரை லிட்டருக்கும் அதிகமாகக் குறைந்திருந்தது.

வடிகால் வால்வின் கைப்பிடி முழுமையாக மூடித்தான் இருந்தது. மூடியிருப்பதைக் கண்ட்ரோலருக்குச் சொல்லும் சிறு சுவிட்சும் சரியாகவே இருந்தது. ஆனால் கருகி இறுகிப் போன பண்டத்துகள் ஒன்று வால்வின் உள்வளையத்தில் சிக்கி, அதைக் கீறிவிட்டிருந்தது. அந்தக் கீறலின் வழியாக நொடிக்கு ஏறத்தாழ இரண்டு சொட்டு வடிந்தது. ஒரு சொட்டு என்பது ஒரு மில்லிலிட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். ஆனால் 14 மணி நேரம் ஓடும் சமையலறையில் அது நாளொன்றுக்கு 4 லிட்டர். அது தரையில் விழுந்திருந்தால் முதல் நாளே வழுக்கியிருக்கும், கண்டுபிடித்திருப்போம். நேராக மூடிய ஃபில்டர் தட்டில் விழுந்ததால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. இரவில் முதலில் வடிகட்டப்படுவது முதல் தொட்டி என்பதால், தட்டில் தேங்கியிருந்த இரண்டாவது தொட்டியின் எண்ணெய் முதல் தொட்டிக்குள் ஏறி, அங்கிருந்து கழிவுப் பீப்பாய்க்குப் போயிருக்கிறது. இரண்டாவது தொட்டியில் குறைந்த ஒவ்வொரு துளியையும் டாப்-அப் உடனுக்குடன் ஈடுசெய்து, அங்கே ஒரு குறையும் இல்லாததுபோலவே காட்டியிருக்கிறது. 11 நாளில் 44 லிட்டர் நல்ல எண்ணெய் வீணாயிற்று. கையால் ஊற்றிய காலமாக இருந்திருந்தால், ஒரே தொட்டிக்கு மறுபடி மறுபடி ஊற்றும் கையே இரண்டாம் நாளில் கேள்வி கேட்டிருக்கும்.

வால்வை மாற்றினோம். அதைவிட முக்கியமாக, வடிகட்டத் தொடங்கும் முன்பு ஃபில்டர் தட்டை வெளியே இழுத்துப் பார்த்து, அது வெறுமையாக இருப்பதை உறுதி செய்த பிறகே வடிகால் வால்வைத் திறக்க வேண்டும் என்று வைத்தோம். தட்டில் ஏற்கெனவே எண்ணெய் இருக்கும்போது முழுத் தொட்டியை அதில் இறக்கினால், அது நிரம்பி வழிந்து காலில் கொட்டும் ஆபத்தும் உண்டு; எங்களுக்கு அது நேராமல் போனது நல்வினைதான்.

இதே தட்டுடன் தொடர்புடைய இன்னொரு கோளாறையும் சொல்ல வேண்டும். வடிகட்டி முடித்ததும் எங்கள் கண்ட்ரோலர், தொட்டி நிரம்பிவிட்டதா என்று கேட்கும். ஃபில்டர் தாள் மாவுக்கசடால் அடைபட்டிருந்தால் எண்ணெய் முழுவதும் திரும்பி ஏறாது. சில லிட்டர் தட்டிலேயே தங்கிவிடும். தொட்டியைப் பார்க்காமல் ஆம் என்று அழுத்திவிட்டால், கண்ட்ரோலர் பழைய நிலைக்குத் திரும்பி, குறைந்திருக்கும் அந்தச் சில லிட்டரையும் புது எண்ணெயால் நிரப்பிவிடும். அடுத்த முறை புதிய தாளோடு வடிகட்டும்போது தட்டில் தங்கியதும் சேர்ந்து ஏற, தொட்டி வழியும். இல்லை என்று அழுத்தி, தாளை மாற்றி, மறுபடியும் பம்பை ஓட்டித் தட்டு காய்ந்ததைப் பார்ப்பதுதான் முறை. ஐந்து நிமிட வேலைதான். ஆனால் களைத்துப்போன இரவில் அந்த ஐந்து நிமிடம் நீளமானது என்பதை நான் அறிவேன். அதனால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் அழுத்தும்போது இரண்டு பேர் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

மேல் சென்சாரின் சுத்தத்தைப் பற்றிச் சில சொற்கள். அது எண்ணெயும் காற்றும் சந்திக்கும் கோட்டில் இருப்பதால், எண்ணெய் பிசினாகிப் படிவது அங்கேதான் அதிகம். தேன் நிறத்தில் தொடங்கும் படலம் நாளடைவில் கரும்பாறையாக இறுகிவிடும். அந்தப் படிவு சென்சாருக்குப் போர்வை போர்த்தியதுபோல் ஆகிறது: மட்டம் இறங்கினாலும் அது உடனே குளிராது, எண்ணெய் மேலே வந்து மூடினாலும் உடனே சூடாகாது. முதலாவதால் டாப்-அப் தாமதமாகத் தொடங்கும். இரண்டாவதால் மட்டம் ஏறிய பிறகும் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டில் எதைக் கண்டாலும் கண்ட்ரோலரைக் குறைசொல்வதற்கு முன்பு சென்சாரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இயந்திரத்தை நிறுத்தி ஆறவிட்ட பிறகு என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை. நாங்கள் ஒவ்வோர் இரவும் எண்ணெய் தட்டில் இறங்கியிருக்கும்போது, நீண்ட பிடியுள்ள, கீறல் விழவைக்காத தேய்ப்பானால் அதைத் துடைத்துவிடுகிறோம். கத்தி முனையால் சுரண்டுவதை நான் அனுமதிப்பதில்லை. கூடையை வீசி இறக்கும் பழக்கமும் கூடாது. கூடையின் ஓரம் பட்டு வளைந்த சென்சார் ஒன்றை மாற்றியிருக்கிறேன்.

காரநீர் ஊற்றித் தொட்டியைக் கொதிக்கவைத்துக் கழுவும் நாளில் டாப்-அப்பை முற்றிலும் நிறுத்தி, ஹோஸைக் கேனிலிருந்து எடுத்துவிட வேண்டும். கழுவி முடித்த பிறகு தொட்டியின் மூலைகளில் தங்கிய நீரை ஒரு சொட்டு விடாமல் துடைக்க வேண்டும். ஹோஸையோ கேனையோ நீரால் அலசவே கூடாது. ஒரு லிட்டர் நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 லிட்டர் நீராவியாகும். குழாயில் தங்கிய ஒரு கரண்டி நீர் காய்ந்த எண்ணெய்க்குள் போனால் போதும், தொட்டி பொங்கிக் கக்கிவிடும். உறையும் தன்மையுள்ள கொழுப்பைப் பயன்படுத்துபவர்களுக்கு வேறொரு சிக்கல்: குழாயில் கொழுப்பு உறைந்தால் பம்ப் வீணாகச் சுற்றும், மஞ்சள் விளக்கு எரியும், ஆனால் கேன் நிரம்பியிருக்கும். அதற்கென்று கொழுப்பை உருக்கும் கலனும் சூடேற்றிய குழாயும் உள்ள அமைப்பே தேவை. திரவ எண்ணெய்க்கான அமைப்பில் அதை ஊற்றிச் சமாளிக்கக் கூடாது.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது எண்ணெயின் தரத்தைப் பற்றியது. புது எண்ணெய் சேர்ந்துகொண்டே இருப்பதால் எண்ணெயை மாற்றவே தேவையில்லை என்ற எண்ணம் எங்கள் சமையலறையில் மெல்லப் பரவியது. 25 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சேர்கிறது என்றால், பத்து நாளில் 25 லிட்டரும் புதிதாகிவிடும் என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார். கணக்கு அப்படி இல்லை. பண்டத்தோடு வெளியேறுவது பழையது மட்டுமன்று, பழையதும் புதியதும் கலந்த எண்ணெய். ஒவ்வொரு நாளும் பத்தில் ஒன்று போய்ப் பத்தில் ஒன்று வந்தால், பத்து நாளுக்குப் பிறகும் முதல் நாள் எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகத் தொட்டியிலேயே இருக்கும். அதுவும் பத்து நாளாகக் காய்ந்த எண்ணெய். டாப்-அப் எண்ணெய் முறிவதைத் தாமதப்படுத்துகிறது, நிறுத்துவதில்லை. வேலை அதிகமுள்ள தொட்டியில் நிறையப் புது எண்ணெய் சேர்வதால் அங்கே ஆயுள் நீளும். அதிகம் பயன்படாமல், ஆனால் நாள் முழுவதும் சூடாகவே நிற்கும் மூன்றாவது தொட்டியில்தான் எண்ணெய் விரைவில் கெடுகிறது: குடிப்பதற்குப் பண்டம் இல்லை, ஆகவே புதியதும் வருவதில்லை, காற்றும் சூடும் மட்டும் அதைத் தின்கின்றன. கூட்டமில்லாத நேரத்தில் அதன் வெப்பத்தை 130 டிகிரிக்கு இறக்கி வைப்பது இதற்காகவே.

எண்ணெய் முறிந்ததைக் காட்டும் அளவாகப் பல நாடுகளில் கொள்ளப்படுவது மொத்தத் துருவச் சேர்மங்களின், அதாவது எண்ணெய் காய்ந்து சிதையும்போது உருவாகிச் சேரும் பொருட்களின், விழுக்காடு. 24 முதல் 27 வரையிலான ஏதோ ஒரு எல்லையைத் தாண்டினால் அந்த எண்ணெயைக் கழித்துவிட வேண்டும் என்பது விதி. நாங்கள் கையில் பிடிக்கும் அளவுக்கருவியால் ஒவ்வொரு தொட்டியையும் தினமும் ஒரே வேளையில், டாப்-அப் ஓடுவதற்கு முன்பு அளக்கிறோம். அப்போதுதான் ஒரு நாளின் விழுக்காட்டை இன்னொரு நாளோடு ஒப்பிட முடியும். எல்லையைத் தொட்ட எண்ணெயில் புதியதைச் சேர்த்து அந்த விழுக்காட்டைக் கீழே இறக்குவது தீர்வன்று. கெட்டது அதற்குள்ளேயே இருக்கிறது. சேர்த்த புதிய எண்ணெயையும் விரைவில் கெடுத்துவிடும். கழிக்கும் நாளில், வடிப்பதற்கு முந்தைய சில மணி நேரம் டாப்-அப்பை நிறுத்தி வைக்கலாம். மட்டம் பாதுகாப்பான அளவுக்கு மேல் இருக்கும்வரை, நாளைக்குக் கொட்டப்போகும் எண்ணெயில் இன்றைக்குப் புதியதைச் சேர்ப்பதில் பொருளில்லை.

கேன் வைக்கும் கதவின் உட்புறத்தில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கேனை மாற்றுபவர் நாளையும் மணியையும் அதில் எழுதி, அதே கையோடு பொத்தானை அழுத்த வேண்டும். அருகில் அன்று பொரித்த பண்டத்தின் மொத்த எடையை எழுதுகிறோம். ஒரு கேனுக்கு எத்தனை கிலோ பண்டம் என்ற எண்தான் நான் ஒவ்வொரு வாரமும் பார்ப்பது. கூட்டம் கூடினாலும் குறைந்தாலும் அந்த எண் அதிகம் அசைவதில்லை; பண்டத்தின் வகை மாறினால் மட்டும் சற்று நகரும். சென்ற மாதம் அது திடீரென்று ஐந்தில் ஒரு பங்கு இறங்கியது. மூன்று தொட்டிகளையும் ஒரே வெப்பத்தில் நிறுத்தி மட்டத்தைக் குறித்தோம், எதுவும் வடியவில்லை. கூடைகளைப் பார்த்தோம்: புதிதாக வந்த ஒருவர் அவசரத்தில் உதறாமலேயே பண்டத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கூடையைத் தொட்டியின் மேல் பத்து நொடி தொங்கவிட்டுப் பிறகு கவிழ்க்கும்படி சொன்னேன். அடுத்த வாரம் அந்த எண் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.